இரண்டாவது பொட்டலம்

1

இந்த ஊருக்கு வந்து ஏழு வருஷம் நிறைந்த அன்று காலையில் எங்கள் வீட்டில் இரண்டு பூப்பொட்டலங்கள் கட்டப்பட்டன. வழக்கப்படி ஒன்றைத்தான் பிரிக்க வேண்டும். இரண்டையும் பிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து என் வீட்டில் எனக்கு எந்தத் தகவலும் தரப்படுவதில்லை.

கம்பத்திலும் கூடலூரிலும் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள் மெல்போர்ன் என்றதும் கங்காருவை எதிர்பார்க்க வேண்டாம். ஏழு வருஷத்தில் நான் பார்த்தது ஒரே ஒரு கங்காரு. அதுவும் சாலையோரத்தில் செத்துக் கிடந்தது. இங்கே நான் அதிகம் பார்த்தவை படிவங்கள்.

படிவம் என்றால் எனக்குக் கை துறுதுறுக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம், எனக்கு வேண்டியவர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள்) செவிலியராகச் சேர்ந்து அறுவை அரங்கப் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். முப்பத்திரண்டு வருஷம். கத்தியைத் தவிர மற்ற எல்லாம் என் கையில்தான் இருந்தன. எதை எப்போது கழுவுவது, யாரை எப்போது உள்ளே விடுவது, எந்தத் தாளில் யார் கையெழுத்து வாங்குவது, எல்லாம்.

ஆகவே இங்கே வந்த விமானத்தில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தபோது என் மனைவி செல்லத்தாயின் படிவத்தையும் நானே நிரப்பினேன். மண், விதை, செடி ஏதாவது கொண்டு வருகிறீர்களா என்ற கேள்விக்கு இரண்டிலும் ‘இல்லை’ என்று குறித்தேன். “இங்கன ஒரு கையெழுத்துப் போடு” என்றேன். தமிழில் அழகாகப் போட்டாள்.

விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அவள் பையைத் திறந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்தார். உள்ளே எங்கள் குலசாமி கோயில் பிடிமண். புது இடத்துக்குக் குடி போகிறவர்கள் சாமியைக் கூட்டிப் போகிற முறை அதுதான். அதை அந்த அதிகாரிக்கு நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சாமி மண் என்று ஒரு வகை அவருடைய பட்டியலில் இல்லை. மண்ணைக் கொட்டிக்கொண்டு, செல்லத்தாய் கையெடுத்துக் கும்பிட்டதற்காகத் துணியை மட்டும் உதறித் திருப்பித் தந்தார்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். “மண்ணு இருக்குன்னு ஏன் என்கிட்டச் சொல்லல?”

“நீங்க கேட்டீகளா?” என்றாள்.

அன்றைக்கு அதை ஒரு பதிலாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

2

போன கோடையில், இங்கே கோடை என்றால் தை மாதம், செல்லத்தாய் இளைக்கத் தொடங்கினாள். மலத்தோடு ரத்தம் போவதை மூன்று மாதமாக மறைத்திருக்கிறாள். அடுத்தவர் வயிற்றுக்குள் இருப்பதைப் பார்த்தே வயதைக் கழித்தவனுக்கு, சொந்த வீட்டுக் குளியலறையில் நடந்தது தெரியவில்லை. எங்கள் மகள் உமா குப்பைக்கூடையைப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

பரிசோதனைகள் முடிந்து அறுவை நிபுணரிடம் போனோம். இளவயதுப் பெண். உமாவுக்கு அன்று அலுவலகம். நான்தான் மொழிபெயர்ப்பாளன். அந்த டாக்டர் படம் வரைந்து பத்து நிமிஷம் பேசினார். நான் செல்லத்தாய் பக்கம் திரும்பி, “குடல்ல ஒரு சின்னக் கட்டியாம். எடுத்துட்டாச் சரியாப் போகுமாம்” என்றேன்.

டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் இவ்வளவு நேரம் பேசினேன். நீங்கள் பத்து விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லையே” என்றார்.

“தமிழ் சுருக்கமான மொழி” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கணினியில் என்னவோ தட்டினார். அது என்ன என்பது அடுத்த முறை போனபோது தெரிந்தது.

நான் விட்டுவிட்டவை இரண்டே விஷயங்கள். ஒன்று, அது புற்றுநோய். இரண்டாவது, கட்டி மலக்குடலில் மிகவும் கீழே இருக்கிறது. வெட்டி எடுத்த பிறகு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்க முடியுமா என்பது வயிற்றைத் திறந்த பிறகுதான் தெரியும். முடியாவிட்டால் குடலின் முனையை வயிற்றின் இடப்பக்கம் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து ஒரு பை பொருத்துவார்கள். மலம் அதில் வந்து விழும். அநேகமாக ஆயுசுக்கும்.

செல்லத்தாயை எனக்குத் தெரியும். குளிக்காமல் அடுப்பு பற்றவைக்க மாட்டாள். இங்கே குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாயைத் தொட்டாலே விரல் மரத்துப்போகும். அப்போதும் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் சாமி விளக்கு. பை என்று சொன்னால் மாட்டேன் என்பாள். மாட்டேன் என்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். குடல் முழுக்க அடைத்துக்கொண்டு வந்தவர்களை மேசையில் ஏற்றியிருக்கிறேன். அதனால் சொல்லவில்லை. எங்கள் ஊர் முறையும் அதுதான். வீட்டாரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். நோயாளியிடம் கட்டி என்று சொல்ல வேண்டும்.

3

ஊரில் நாங்கள் சம்மதம் வாங்கிய லட்சணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். படிவத்தில், ‘செய்யப்போகும் சிகிச்சையும் அதன் விளைவுகளும் எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன’ என்று அச்சடித்திருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. படிக்க நேரம் கொடுத்ததும் இல்லை. சனங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: “உசுரு போனா நாங்க பொறுப்பில்லைன்னு எழுதி வாங்கிக்கிறாக.” அந்த ஒரு வரியில் எங்கள் படிவத்தின் சாரம் முழுக்க இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

பேனா பிடிக்கத் தெரிந்தவர் யாரோ அவர் போடுவார். மேகமலை எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு பெண்ணை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். குடல்வால் வெடிக்கிற நிலை. சின்னமனூருக்கு இறங்கும் அந்தப் பாதையில் வயிற்றுவலியோடு வருவது எப்படி இருக்கும் என்று அதில் வந்தவர்களுக்குத் தெரியும். புருஷன் மலைமேல் வேலையில் இருந்தார். ஜீப் ஓட்டிவந்த சீனிச்சாமி மட்டும்தான் நின்றுகொண்டிருந்தார்.

“சார், இங்கன உறவுன்னு கேட்டிருக்கே. வண்டிக்காரருன்னு எழுதுனா ஒத்துக்கிருவீகளா?”

“அண்ணன்னு எழுதுய்யா.”

அதற்குப் பிறகு சீனிச்சாமி என்னைக் கேட்பதில்லை. அவராகவே எழுதிக்கொண்டார். மேகமலையில் பாதிப் பெண்களுக்கு அவர் எங்கள் பதிவேட்டின்படி உடன்பிறந்த அண்ணன்.

கையெழுத்துக்கும் முன்னால் இன்னொரு சம்மதம் இருந்தது. வளாகத்துப் பிள்ளையார் முன்னால் பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் ஆபரேஷன் செய்யலாம். சிவப்பு வந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். டாக்டர் கத்தினாலும் நிற்க மாட்டார்கள். பிரிக்காத பொட்டலத்தை யாரும் தொட மாட்டார்கள். அது சாமி வேண்டாம் என்று தள்ளியது. அப்படியே கிணற்றில் போடுவார்கள்.

பொட்டலம் கட்டிக் கொடுப்பது வார்டு ஆயா முத்துப்பேச்சியின் வேலை. ஒருநாள் அவள் கட்டும்போது பின்னால் போய் நின்றேன். இரண்டிலும் நந்தியாவட்டை.

“என்ன ஆத்தா இது?”

அவள் அசரவே இல்லை. “செவப்பு வந்தா அந்த ஆளு வீட்டுக்குப் போயிச் செத்துருவாரு சார். சாமிக்கு எதுக்கு அந்தக் கெட்ட பேரு?”

நான் அவளைத் திட்டவில்லை. மறுநாளிலிருந்து பிள்ளையார் பக்கம் செவ்வரளி வராமல் பார்த்துக்கொண்டேன். தனியாள் செய்துகொண்டிருந்ததை முறைப்படுத்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக்கு முத்துப்பேச்சி வேறு இடத்திலிருந்து நாலு இதழைக் காட்டிவிட்டு வெள்ளையைக் கட்டுவாள். அதன் பிறகு எங்கள் பிள்ளையார் ஒரு அறுவையையும் மறுத்ததில்லை.

காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் சர்க்கரைப் புண்ணோடு வந்தார். கால் அழுகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். மூத்த மகன் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளை. கையெழுத்தும் போட்டார். “அப்பாகிட்டச் சொல்லாதீக சார், தாங்க மாட்டாரு” என்றார். புண்ணைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி உள்ளே கொண்டுபோனோம். மயக்கம் தெளிந்ததும் அவர் கை போர்வைக்குள் கீழே போய்த் தடவியது. கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தது. பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “எங்கன வச்சிருக்கீக?”

நான் மகன் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினேன். முறைப்படி எல்லாம் சரியாக இருந்தது.

அவர் பிழைத்தார். பல வருஷம் இருந்தார். கம்பம் பேருந்து நிலையத்தில் ஊன்றுகோலோடு டவுன் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்ப்பேன். நான் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாங்கள் வெட்டியிருக்காவிட்டால் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது உண்மையும்கூட.

4

இரண்டாம் முறை போனபோது டாக்டர் அறையில் ஒரு நாற்காலி கூடுதலாக இருந்தது. அதில் கழுத்தில் அட்டை தொங்க ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், யாழ்ப்பாணத்துக்காரர். மருத்துவமனை ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர். அறுவைக்குச் சம்மதம் கேட்கும்போது குடும்பத்தினர் மொழிபெயர்க்கக் கூடாது, இது விதி என்றார் டாக்டர். என்னை மூலையில் உட்காரச் சொன்னார். விதி என்றால் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. போய் உட்கார்ந்தேன்.

“அம்மா, உங்களுக்கு இருக்கிறது புற்றுநோய்” என்றார் அந்த அம்மாள். குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. “டொக்டர் அதை நேராச் சொல்லச் சொல்லுறா.”

செல்லத்தாய் அவரைப் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. திரும்பி மூலையில் இருந்த என்னைப் பார்த்தாள். வெளியே போகச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

பிறகு பை. டாக்டர் இழுப்பறையிலிருந்து நிஜப் பை ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள்.

“இதுல எம்புட்டுப் புடிக்கும்?”

மொழிபெயர்க்கப்பட்டது. பதில் வந்தது.

“நாத்தம் வெளிய வருமா?”

வராது, சரியாக ஒட்டினால்.

“சேலை எங்கன கட்டுறது?”

அதற்கென்றே ஒரு செவிலியர் இருக்கிறார், உங்கள் சேலைக்கட்டைப் பார்த்து, அதற்குத் தோதான இடத்தில் முன்கூட்டியே பேனாவால் குறி போடுவார் என்றார் டாக்டர். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருத்தியிடமும் சேலையை எங்கே கட்டுகிறாய் என்று நாங்கள் கேட்டதில்லை.

கடைசியாக அந்த அம்மாள், “உங்களுக்கு விளங்கினதை ஒருக்கா உங்கட வாயாலே திருப்பிச் சொல்லுங்கோ. பரீட்சை இல்லை. டொக்டர் சரியாச் சொன்னவவோ எண்டு பாக்கத்தான்” என்றார்.

செல்லத்தாய் எட்டாம் வகுப்பு. பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “வாய்க்காலு கடைமடையில அழுகிக் கெடக்கு. அந்தத் துண்ட வெட்டி எடுத்துருவாக. ரெண்டு தலைப்பும் எட்டுச்சுன்னா சேத்துத் தச்சுருவாக. எட்டலன்னா பக்கத்துல கரைய ஒடச்சுத் தண்ணியத் திருப்பி விடுற மாதிரி, வகுத்துல ஓட்டை போட்டு இந்தப் பையில விடுவாக. நான் பை வேணாம்னா, எட்டாத பட்சத்துல ஒண்ணும் எடுக்காம மூடிருவாக. கரண்டு வச்சுக் கட்டியச் சுருக்குற வைத்தியம் மட்டும் குடுப்பாக, அதுல ரொம்ப நாளு ஓடாது. ஆபரேசனே வேணாம்னாலும் சொல்லலாம். மூணும் எம்பாடு. சரியா?”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதைவிட நன்றாக என் மாணவர்களுக்குக்கூடச் சொல்லத் தெரியாது என்றார். நான் படித்தவன், எல்லாச் செய்முறையும் தெரிந்தவன், மூலையில் இருந்தேன்.

எதை முடிவு செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவள், “ரெண்டு நாளு டயம் குடுங்க. சாமியக் கேக்கணும்” என்றாள். கேளுங்கள், அடுத்த வாரத்துக்குள் சொன்னால் போதும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வண்டியை நான்தான் ஓட்டினேன். ஒரு சிக்னலில் நின்றபோது, “கட்டின்னீக” என்றாள்.

“கட்டிதான அது?”

“பை?”

பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தேன்.

5

மறுநாள்தான் நாங்கள் வந்து ஏழு வருஷம் நிறைந்த நாள். உமா ஒரு கேக் வாங்கி வைத்திருந்தாள். செல்லத்தாய் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து மஞ்சள் துணியை அலமாரியிலிருந்து எடுத்தாள். மண் இல்லாத அந்தத் துணிதான் இங்கே எங்கள் குலசாமி. அதை விரித்து, விளக்கேற்றி, “பூக்கட்டிப் பாத்துரலாம்” என்றாள். கேள்வி ஒன்றுதான். பை வைத்தாலும் பரவாயில்லை என்று ஆபரேஷன் செய்துகொள்வதா, வேண்டாமா. வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் பை வேண்டாம்.

“நீ உக்காரு, நான் கட்டுறேன்” என்றேன்.

வாசலில் வெள்ளை ரோஜா இருந்தது. பக்கத்து வீட்டு வேலியில் சிவப்பு ஜெரேனியம். கேட்டுப் பறித்தேன். பூக்கட்டப் பொட்டலத்தாள் இல்லை. கேக் சுடும் தாளில் இரண்டு துண்டு கிழித்துக்கொண்டேன். சமையலறை மேடையில் எனக்கு முன்னால் வெள்ளை இரண்டு, சிவப்பு ஒன்று.

நான் யோசித்தேன் என்று எழுதினால் அது பொய். கை தானாகச் செய்தது. வெள்ளை ஒன்று, வெள்ளை ஒன்று. சிவப்பு என் சட்டைப் பைக்குள் போனது. முத்துப்பேச்சி பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள்.

எடுக்க வேண்டியது குழந்தை. எங்கள் பேத்தி இனியாவுக்குப் பதினோரு வயது. இங்கே பிறந்தவள். தமிழ் நன்றாகப் புரியும், பேச்சு பாதி. அம்மாச்சி சொன்னபடி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. செல்லத்தாய் கண்ணில் நீர் வந்தது. துணியைத் தொட்டுக் கும்பிட்டாள். “சாமி சொல்லிருச்சு. பை ஆனா ஆகட்டும்” என்றாள். எனக்கு மூச்சு வந்தது.

அதற்குள் இனியா இன்னொரு பொட்டலத்தைக் கையில் எடுத்துவிட்டாள்.

“அதப் பிரிக்கக் கூடாது சாமி, வையி” என்றேன்.

“ஏன் தாத்தா? உள்ள என்னன்னு பாக்க வேணாமா?”

அவள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இருக்கிறதையெல்லாம் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் எழுந்து போவதற்குள் பிரித்துவிட்டாள். ஊரில் இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றாதது அவளுக்கு ஒரே நொடியில் தோன்றியது.

“அம்மாச்சி, இதுவும் வொயிட்தான். ரெட் எங்க?”

செல்லத்தாய் இரண்டு ரோஜாக்களையும் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள். கசங்கிய ஜெரேனியம் பைத்துணியில் கறையாக இறங்கியிருந்தது.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கும் நாலு வார்த்தை பேச இடம் கிடைத்திருக்கும். அவள் விளக்கைக் குளிர வைத்தாள். துணியை நாலாக மடித்தாள்.

“இந்தத் துணி பேசாதுன்னு எனக்குத் தெரியாதா? மண்ணு போயி ஏழு வருசமாச்சு. எனக்கு ஒரு தெம்புக்குத்தான் பூக்கட்டிப் பாத்தேன்.”

“நீ மாட்டேன்னு சொல்லிருவேன்னு பயந்துட்டேன் செல்லத்தாயி. செத்துப்போயிருவேன்னு பயந்துட்டேன்.”

“சாகப்போறது நானு. அந்தப் பயத்தையும் நீங்களே எடுத்து வச்சுக்கிட்டா எனக்குன்னு என்ன இருக்கு?”

இனியா கேக்கை வெட்டலாமா என்று கேட்டாள். வெட்டினோம்.

6

டாக்டரிடம் மறுபடி போனபோது செல்லத்தாய் உமாவை மட்டும் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். மொழிபெயர்ப்பாளர் அம்மாள் எனக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் தாழ்வாரத்தில், காப்பி இயந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிஷம். நாங்கள் ஊரில் ஒரு சம்மதத்துக்கு எடுத்துக்கொண்ட நேரம், பேனா கிடைக்கிற நேரம்.

வெளியே வந்ததும் உமாவைக் கேட்டேன். “என்ன முடிவு பண்ணுனா? பைக்கு ஒத்துக்கிட்டாளா?”

“அப்பா, அம்மா உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு சொல்லியிருக்காங்க.”

“நான் அவ புருசன்.”

“தெரியும்ப்பா. ஆனா அது அம்மாவோட உடம்பு.”

சொல்லியிருக்காங்க என்கிறாள். சொல்லியிருக்காக என்று பேசிக்கொண்டு கம்பத்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளை. பேச்சு எப்போது மாறியது என்று நான் கவனிக்கவில்லை. அவளுக்கு என்மேல் கோபமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடையில் பொருள் இல்லை என்று சொல்கிற பெண் மாதிரி, கனிவாகச் சொன்னாள்.

விடவில்லை நான். அலுவலக மேடைக்குப் போனேன். நான் யார், எத்தனை வருஷ அனுபவம், எல்லாம் சொன்னேன். அங்கே இருந்த இளைஞர் கணினியைப் பார்த்தார். தகவல் சொல்லலாம் என்று நோயாளி குறிப்பிட்ட இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, அது உங்களுடையது இல்லை, மன்னிக்கவும் என்றார். உங்களுக்குக் காப்பி ஏதாவது வேண்டுமா என்றும் கேட்டார்.

ஆபரேஷன் அன்று காலையில் சேலை மடிப்பைச் சரிசெய்கிறமாதிரி அவள் பக்கத்தில் போனேன். வயிற்றில் குறி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பைக்குச் சம்மதித்தால்தான் குறி போடுவார்கள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தானே கட்டிக்கொண்டு வந்தாள். இடப்பக்கம் முந்தானை இறுக்கமாகச் செருகியிருந்தது.

அவளைக் கட்டிலோடு அறுவை அரங்குக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். நான் காத்திருப்பு அறையில் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். எனக்கு எல்லாம் தெரியும். இப்போது மயக்கம். இப்போது கழுவித் துணி போர்த்துவார்கள். இப்போது திறப்பார்கள். இப்போது இரண்டு முனைகளையும் இழுத்துப் பார்ப்பார்கள். எட்டவில்லை என்றால் அந்த டாக்டர் ஒரு நிமிஷம் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்: இந்த அம்மா எதற்குச் சம்மதித்திருக்கிறார்? யாரோ ஒருவர் தாளைப் பார்த்துச் சொல்வார். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அவள் பதில் தெரியும். பச்சை உடுப்போடு கதவுக்கு அந்தப் பக்கம் நின்றே பழகியவனுக்கு, இந்தப் பக்கத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. காப்பி குடித்தேன்.

7

உயிரோடு வந்தாள். அதை மட்டும் என்னிடம் சொல்ல அவர்களுக்கு அனுமதி இருந்தது.

அன்று சாயங்காலம் உமா வீட்டுக்குப் போன பிறகு நான் கட்டிலருகே உட்கார்ந்தேன். செல்லத்தாய் கண் மூடிப் படுத்திருந்தாள். கையில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். மார்புவரை வெள்ளைப் போர்வை. இடப்பக்கம் போர்வை கொஞ்சம் மேடாக இருந்ததா, மடிப்பா என்று சொல்ல முடியவில்லை. பை இருந்தால் கட்டி போயிருக்கும். இல்லையென்றால் இரண்டில் ஒன்று. சேர்த்துத் தைத்திருப்பார்கள். அல்லது ஒன்றும் எடுக்காமல் மூடியிருப்பார்கள். அவள் எத்தனை நாள் இருப்பாள் என்பது ஒரு சாண் துணிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

என் கை போய்ப் போர்வை ஓரத்தைப் பிடித்துவிட்டது. எத்தனையோ ஆயிரம் போர்வைகளை அப்படித் தூக்கிப் பார்த்த கை.

அவள் கண்ணைத் திறக்காமலே என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை. உதறியிருந்தால் விழுந்திருக்கும்.

“கேளுங்க” என்றாள்.

எனக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. “பாக்கட்டுமா?”

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

“ரெண்டு நாளு டயம் குடுங்க” என்றாள்.

போர்வையை விட்டேன். ஓரத்தைச் செருகிச் சரிசெய்தேன். அதன் பிறகு டாக்டர் வருகிறார், உமா வருகிறாள், இனியாகூட வந்து அம்மாச்சி காதில் என்னவோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறாள். திரைச்சீலை இழுக்கிற நேரத்தில் நான் எழுந்து வெளியே போய் நின்றுகொள்கிறேன். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இன்று இரண்டாம் நாள். விடிந்ததும் வந்து உட்கார்ந்து, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.